நஞ்சில்லா மாடி

பிப்ரவரி 22, ஞாயிறு

பவளக்கொடி அக்கா எங்கள் மாடிக்கு வருகிறார், ஏப்ரல் அஞ்சாம் தேதி, கேமராவோடு, டீமோடு, ஈரோட்டில் இத்தனை மாடி இருக்க என் மாடிக்கு!!!

காலையில் மெசேஜ் வந்ததும் நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு மாமா பல்துலக்கும் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்துவிட்டார். "என்ன அம்மிணி, பாம்பா?" என்றார். பாம்பு வந்தால் இப்படியா கத்துவேன்!

தெரியாதவர்களுக்கு: மாடித்தோட்டம் என்றால் பவளக்கொடி அக்காதான். மூன்று வருடமாக ஒரு வீடியோ விட்டதில்லை. கவாத்து, பதியன், மண்கலவை எல்லாம் அவரிடம் கற்றதுதான். காலேஜில் நான் படிப்பது பி.காம். 'நஞ்சில்லா மாடி' என்று ஒரு தொடர் எடுக்கிறார். ஒவ்வொரு ஊரிலும் ஒரு மாடி. வீடியோ முடியும்போது அந்த வீட்டுச் செடியிலிருந்து ஒரு இலையோ இதழோ கிள்ளி, கழுவாமல் மென்றுகொண்டே, "வாயில வெச்சாத்தான் நம்புவேன்" என்பார். எனக்கு அந்த இடம் வந்தால் புல்லரிக்கும்.

நிபந்தனை இரண்டே இரண்டு. ரசாயனம் ஒரு சொட்டுக்கூட ஆகாது. அப்புறம், தோட்ட நாட்குறிப்பு எழுதி, அவர் வரும் அன்று அவருடைய ரசிகர் குரூப்பில் போட வேண்டும். அதுதான் இது. போனிலேயே எழுதுகிறேன்.

என் மாடியில் தண்ணீர் டேங்க் ஓரமாக வரிசையாகப் பன்னீர் ரோஜா. அக்கா தேர்ந்தெடுத்ததே அந்த வரிசையின் போட்டோவைப் பார்த்துத்தான். வீட்டில் அம்மா, அண்ணன் பூபதி, அண்ணி கோகிலவாணி. அண்ணிக்கு நாலு மாசம். அம்மாவுக்கு இப்போதே கவலை: "அந்தம்மா வந்தா எங்க உக்கார வெக்கறது? சேர் கால் ஆடுது."

பிப்ரவரி 26

மொட்டுகள் சரியில்லை. ஓரம் கருகி, விரியாமல் சுருண்டு நிற்கின்றன. அக்கா சொல்லித் தந்த மாதிரி வெள்ளைத்தாளைக் கீழே பிடித்து மொட்டைச் சுண்டினேன். தாளில் கீறல் மாதிரி மஞ்சள் துணுக்குகள் விழுந்து, ஓட ஆரம்பித்தன. இலைப்பேன்.

வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர் கலந்து சாயங்காலம் அடித்தேன். அண்ணி படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். "பிரதிக்‌ஷா, அந்த அக்கா வர்றதுக்குள்ள பூச்சி செத்துருமோ என்னமோ, நான் செத்துருவேன்."

மார்ச் 3

மறுபடி அடித்தேன். மறுபடி தாளில் ஓடுகின்றன. போதாததற்குத் தண்டில் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி. எறும்பு வேறு வரிசை கட்டி ஏறுகிறது.

மார்ச் 6

நாமக்கல் மாடி வீடியோ வந்துவிட்டது. ரோஜா ஒவ்வொன்றும் கிண்ணம் மாதிரி. அக்கா இதழைக் கிள்ளி வாயில் வைத்ததும் கமெண்ட் பாக்ஸ் முழுக்க இதயம். நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். என் செடிகள் காய்ச்சல் வந்த மாதிரி நிற்கின்றன. அழுகை வந்துவிட்டது.

காலேஜ் விட்டு வரும்போது ஒரு உரக்கடையில் இறங்கினேன். (இந்தப் பகுதியைப் பதிவிடும்போது எடுத்துவிட வேண்டும்.)

"எதுக்குங் அம்மிணி?"

"ரோஜாவுக்குங்க. இலைப்பேன், மாவுப்பூச்சி, எல்லாம் இருக்குது."

"அடிக்கற மருந்து இருக்குது. ஆனா தொட்டியின்னா குருண மருந்துதான் சுலபம். வேர்ல போட்டுத் தண்ணி ஊத்துங்க. வேர் உறிஞ்சி இலை, மொட்டு எல்லாத்துக்கும் ஏத்திரும். கடிக்கற பூச்சி அங்கயே உழுந்துரும்." பின்னால் எங்கோ தேடி, பழைய சாக்கிலிருந்து கையுறை போட்டு அள்ளி, செய்தித்தாளில் பொட்டலம் கட்டினார். "இப்பல்லாம் இது வர்றதில்லீங். பழைய சரக்கு. கத்திரி, தக்காளி, கீரைக்கெல்லாம் போட்றாதீங்க. திங்கற செடிக்கு ஆகாது."

"ரோஜாவுக்குத்தாங்க."

"அப்பச் சரி. ரோசாவ யாரு திங்கறா."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரே தடவைதான். வீடியோ முடிந்ததும் மண்ணையே மாற்றிவிடுவேன். ஒவ்வொரு தொட்டியிலும் கிளறிப் போட்டு, மேலே மண்புழு உரம் தூவி மூடினேன். அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே போட்டேன், நாள் குறைவாக இருப்பதால். மீதிப் பொட்டலம் தேங்காய்நார்க் கட்டிச் சாக்குக்குள் இருக்கிறது.

மார்ச் 8

எறும்பு ஒன்றுகூட இல்லை.

மார்ச் 12

வெள்ளைத்தாளில் எதுவும் ஓடவில்லை! சுண்டிச் சுண்டிப் பார்த்தேன். சுத்தம்! துளிர் செக்கச்செவேல் என்று வருகிறது. போட்டோ போட்டேன், "வேப்பெண்ணெய் மட்டும்தான் அக்கா" என்று எழுதி. பவளக்கொடி அக்கா இதயம் போட்டார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வால்பேப்பராக வைத்திருக்கிறேன்.

தொட்டிகளில் மண்புழுக்கள் மேலே வந்து கிடக்கின்றன, நூல் மாதிரி. வெயில் அதிகம்தான் இந்த வருடம்.

மார்ச் 16

பூத்துவிட்டது. மாடிக்கதவைத் திறந்தாலே வாசம். அண்ணன்கூட வேலைக்குக் கிளம்பும்போது மேலே ஏறி வந்து, "பாப்பா, நெசமாலுமே நீதான் வளத்தியா?" என்றான்.

அம்மா முறத்தோடு வந்தார். பன்னீர் ரோஜா பூத்தால் அம்மா குல்கந்து போடாமல் இருக்க மாட்டார். வருஷா வருஷம் நடப்பதுதான். இதழும் கற்கண்டும் மாற்றி மாற்றி அடுக்கி, கண்ணாடி ஜாடியில் வெயிலில் வைப்பார். எனக்கு இது எப்படி மறந்தது என்று தெரியவில்லை.

"பூவெல்லாம் வீடியோவுக்கு வேணும்மா. பறிக்காதீங்க."

"உன்ற பூவ நான் தொடல. உதுர்றதத்தான் எடுக்கறேன். கோகிலாவுக்கு நெஞ்செரிச்சல் தாங்கல. கடையில வாங்குனா என்ன கலக்கறானோ, எந்தக் காட்டுல என்ன அடிச்சானோ. நம்ம மாடிப் பூவுன்னா கண்ண மூடிட்டுத் திங்கலாம்."

"அதில்லம்மா..."

"எதில்ல?"

அண்ணி முறத்திலிருந்து ஒரு இதழை எடுத்து முகர்ந்து, "நீ ஒண்ணும் அடிக்கலதான, பிரதிக்‌ஷா?" என்று சும்மா கேட்டார்.

"வேப்பெண்ணெய் மட்டுந்தான் அண்ணி."

வெயிலில் வைத்தால் எல்லாம் போய்விடும் என்று ஏதோ கமெண்டில் படித்த ஞாபகம். எந்த வீடியோ என்று தேடினேன். கிடைக்கவில்லை. (இதையும் எடுத்துவிட வேண்டும்.)

மார்ச் 19

காலையில் ரீல்ஸ் எடுக்கப் போனேன். ஒரு பூவுக்குள் தேனீ. அசையாமல் உட்கார்ந்திருக்கிறதே, நல்ல ஷாட் என்று போனைக் கிட்டே கொண்டுபோனேன். அசையவே இல்லை. கீழேயும் கிடந்தன. டேங்க் பக்கத்தில் ஒரு சிட்டுக்குருவி மல்லாந்து, கால் இரண்டும் மடங்கி.

பெருக்கி எடுத்துவிட்டுத்தான் ரீல்ஸ் எடுத்தேன். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 23

குல்கந்து இன்னும் முழுதாக ஊறவில்லை, ஆனால் அண்ணிக்குப் பொறுமை இல்லை. ராத்திரி பாலில் ஒரு ஸ்பூன் என்று ஆரம்பித்துவிட்டார். "எரிச்சல் அப்படியே அமுங்குதுங்கத்தை," என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, நாக்கில்கூட வைப்பதில்லை. அண்ணனுக்கு அந்த வாசமே பிடிக்காது.

அம்மா எனக்கு ஒரு ஸ்பூன் நீட்டினார். தொண்டை வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 27

அண்ணி காலையிலிருந்து வாந்தி. நெற்றியெல்லாம் வியர்வை. எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது, துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சாம் மாசத்துல என்ன மசக்க?" என்றார் கீழ்வீட்டு அத்தை.

"சூடுதானுங்க," என்றார் அம்மா. "வெயிலு என்னமா அடிக்குது. இந்தா கோகிலா, குல்கந்து இன்னொரு ஸ்பூன் சேத்திச் சாப்புடு. குளுகுளுன்னு இருக்கும்."

நான் காலேஜுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்று ஒரு மெசேஜ் தட்டினேன்: அம்மா அதைக் குடுக்காதீங்க. அனுப்பவில்லை. அனுப்பினால் ஏன் என்று கேட்பார்.

சாயங்காலம் அண்ணி பரவாயில்லை. பார்த்தீர்களா, சூடுதான்.

மார்ச் 29, ஞாயிறு

பூங்காவில் செடிப் பரிமாற்றச் சந்திப்பு. அக்காவின் ஈரோடு ரசிகர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அடுத்த வாரம் வீடியோவில் வரப்போவது நான் என்பதால் எனக்கு ஏக மரியாதை! ஒருத்தர் என்னோடு செல்ஃபி எடுத்தார்! செடி மாற்ற வந்த ஒரு ஆயா தன் கத்திரி நாற்றை ஆசீர்வதிக்கச் சொல்லி நீட்டினார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அம்மா நேற்றே குல்கந்தைச் சின்னச் சின்னப் பாட்டில்களில் போட்டு, மூடிமேல் தன் கையெழுத்தில் லேபிள் ஒட்டிப் பையில் வைத்துவிட்டார். "சும்மா போகாத. நம்ம மாடிப் பேரு சொல்லிக் குடு." பையை பஸ்ஸிலேயே மறந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் இறங்கும்போது கண்டக்டரே கூப்பிட்டு, "அம்மிணி, பை!" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கொடுக்க ஆரம்பித்ததும் கூட்டம் கூடிவிட்டது. கடைசிப் பாட்டில் ஒரு அக்காவுக்கு. கடுகு நிறச் சுடிதார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, முழங்காலில் பிளாஸ்திரி. பதிலுக்கு ஒரு இட்லிப்பூக் குச்சியை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"பால்ல கலந்து குடுத்தா இவ குடிப்பாளா? இனிப்பு இல்லாம எதையும் தொட மாட்டேங்கறா."

"குடிப்பா அக்கா."

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 31

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் அண்ணி பாத்ரூமில் விழுந்துவிட்டார். தூக்கும்போது அவர் கை வெடவெடவென்று துடித்தது. கண்ணில் நீர் கொட்டுகிறது, ஆனால் அழவில்லை. "எல்லாம் மங்கலாத் தெரியுதுங்க" என்று அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "கண்மணி ரெண்டும் ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு. வீட்டுல பூச்சிமருந்து, குருணை, எலி மருந்து ஏதாச்சும் புழங்குறீங்களா? காய்கறிக்குத் தோட்டம்?"

அம்மா நிமிர்ந்து, "எங்க மாடி நஞ்சில்லா மாடிங்க டாக்டர். யூடியூப்ல வரப்போகுதுங்க. இதா, இவதான்," என்று என் தோளைத் தொட்டுக் காட்டினார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "எதுவும் போடறதில்லையாம்மா?"

சுவரில் ஒரு குழந்தைப் படம். காலண்டர்ப் படம். அந்தக் குழந்தைக்கு இரண்டு பல்.

"இல்லைங்க," என்றேன்.

ரத்தம் எடுத்திருக்கிறார்கள். வயிற்றில் குழந்தையின் துடிப்பு இருக்கிறதாம். கொஞ்சம் வேகம் கம்மியாம்.

ஏப்ரல் 1

காலையில் பார்வையாளர் நேரம். அண்ணிக்கு நேற்றைக்கு இன்று தேவலை. ஊசி போட்டிருக்கிறார்கள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் கால்மாட்டில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

அம்மா கூடையிலிருந்து டிபன்பாக்ஸை எடுத்தார். அப்புறம் பாட்டிலை எடுத்தார்.

"ஆஸ்பத்திரி மாத்திரையெல்லாம் சூடு. இதச் சாப்புடாம வுட்டதுலதான் இப்படி ஆகிப்போச்சு."

"வேண்டாங்கத்தை. கொமட்டுது."

"ஒரே ஸ்பூன் கண்ணு. வயித்துல இருக்கறதுக்கும் நல்லது."

அண்ணி வாயைத் திறந்தார். வேண்டாம் என்றால் அம்மா மனசு கஷ்டப்படும் என்பதற்காகத் திறந்தார். அது எனக்குத் தெரிந்தது.

நான் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். ஸ்பூன் விரிப்பில் விழுந்தது, வெள்ளை விரிப்பில் சிவப்பாக.

"என்னடி!"

"குருண போட்டம்மா. ரோஜாவுக்கு. வேர்ல."

அண்ணன் ஆரஞ்சை மேசைமேல் வைத்தான். "எப்ப?"

"போன மாசம் ஆறாந் தேதி."

"நேத்து டாக்டர் கேட்டப்ப நீ இங்கதான நின்ன?"

"ஆமா."

"அவ துடிச்சப்பயும் இங்கதான நின்ன?"

அண்ணி இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அம்மா முந்தானையால் விரிப்பைத் துடைக்க ஆரம்பித்தார். கறை பரவியது. துடைத்துக்கொண்டே, "நான் ஊட்டுனன்டி. என்ற கையால ஊட்டுனேன்," என்றார்.

அண்ணன் கடைசியாகச் சொன்னது: "அந்தப் பொட்டலத்த எடுத்துட்டு வா. டாக்டருக்கு வேணும்."

பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் டாக்டரம்மா குல்கந்துப் பாட்டிலையும் மூடி ஓரமாக வைக்கச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "இந்தக் குல்கந்த வேற யாரெல்லாம் சாப்பிட்டாங்க?"

ஏப்ரல் 2

காலையிலிருந்து போன். குரூப்பில் இருப்பவர்களில் பாட்டில் வாங்கிய எல்லாரும் போனை எடுத்துவிட்டார்கள். சிலர் திறக்கவே இல்லை. ஒருத்தருக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்காம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். "உன்ன நம்பித்தானடி வாங்குனேன்," என்று வைத்துவிட்டார். ஒருத்தர் கேட்டதும் என்னை பிளாக் செய்தார்.

கடுகு நிறச் சுடிதார் அக்கா குரூப்பில் இல்லை. நம்பர் யாரிடமும் இல்லை. பெயர்கூட நான் கேட்கவில்லை.

குரூப்பில் விஷயம் தெரிந்து மதியம் பவளக்கொடி அக்காவே கூப்பிட்டார். மூன்று வருடமாக இந்தக் குரல் என்னோடு நேரடியாகப் பேச வேண்டும் என்று கனவு கண்டிருக்கிறேன். நான் அழுதேன்.

"அழுகாத. பாட்டில் எல்லாம் திரும்ப வந்துருச்சா?"

"ஒண்ணு மட்டும் வரலக்கா. சின்னக் குழந்தை இருக்கற வீடு. கடுகு நிறச் சுடிதார் போட்டிருந்த ஒரு அக்கா, பேரு தெரியல."

அக்கா அடுத்துக் கேட்டார்:

"ஞாயித்துக்கிழம நான் வந்து, அந்த இதழ வாயில வெச்சிருப்பேன்ல?"

"வெச்சிருப்பீங்கக்கா."

"நீ பாத்துட்டு நின்னிருப்பியா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அந்த நாட்குறிப்ப இப்பவே போடு," என்றார். "எதையும் எடுக்காத. அந்தக் கடுகு நிறச் சுடிதார் வரைக்கும் போய்ச் சேரணும்னா மொத்தமாப் போடு. ஜனங்க பாதி சொன்னா நம்ப மாட்டாங்க."

ஏப்ரல் 3, வெள்ளி

தொட்டிகளை அண்ணன் ஆள் வைத்துச் சாக்கில் கட்டிவிட்டான். மாடி வெறும் தரையாகக் கிடக்கிறது. அண்ணி இன்னும் ஆஸ்பத்திரியில்தான். குழந்தையின் துடிப்பைத் தினமும் பார்க்கிறார்கள். என்னை அறைக்குள் விடுவதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பதிவிடுகிறேன். எடுத்துவிட வேண்டும் என்று எழுதிய இடங்களும் அப்படியே இருக்கின்றன.

ஒன்றே ஒன்றைத்தான் எழுதாமல் விட்டிருந்தேன். பூங்காவில் அந்த அக்கா பவானிப் பக்கம் என்று சொன்னார். குழந்தைக்கு நாலு வயதிருக்கும். "எத்தன நாளைக்கு ஒருக்காக் குடுக்கணும்?" என்று கேட்டார். நான், "தினமும் குடுங்கக்கா, இயற்கைதான்," என்றேன்.

லைக் வேண்டாம். எனக்குக் கமெண்டும் வேண்டாம். பவானி, குமாரபாளையம், சித்தோடு, அந்தியூர், எந்தக் குரூப்பில் இருந்தாலும் இதைப் போடுங்கள். பால்வாடியில் சொல்லுங்கள். இட்லிப்பூச் செடி வைத்திருக்கும் வீட்டில் கேளுங்கள். முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டிய பெண் குழந்தையைப் பார்த்தால், வாந்தி இருக்கிறதா, எச்சில் ஊறுகிறதா என்று கேளுங்கள். எதுவும் இல்லை என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், பாட்டிலையும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பாட்டில் சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கும். மஞ்சள் மூடி. மூடிமேல் நீல மையில், அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கும்: நஞ்சில்லா மாடி.